கண்ணாடியை இறக்கியிருந்தால் முடிந்திருக்குமா? டைரீக் ஹில், மயாமி போலீஸ்

மூன்றாம் நடுவர் (இழையைத் தொடங்கியவர்)

டைரீக் ஹில் மீது எழுதிய இரண்டு அபராதச் சீட்டுகளும் 2024 நவம்பரில் தள்ளுபடியாகிவிட்டன. பெரிய சட்ட நுணுக்கம் எதுவும் இல்லை. சீட்டு எழுதிய போலீஸ்காரர்கள் விசாரணைக்கு வரவில்லை, அவ்வளவுதான். செப்டம்பரில் அத்தனை பேர் அடித்துக்கொண்ட விஷயம் நவம்பரில் ஆள் வராமல் முடிந்துபோனது.

அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஹில் அப்போது மயாமி டால்ஃபின்ஸ் அணியில் எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிறவராக இருந்தார். அந்த விளையாட்டின் அதிவேக ஓட்டக்காரர்களில் ஒருவர். 2024 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, சீசனின் முதல் ஆட்டம். காலையில் தன் மெக்லாரன் காரில் ஹார்ட் ராக் அரங்கத்துக்குப் போகிறார். அரங்கத்துக்குப் பக்கத்திலேயே மயாமி-டேட் போலீசின் மோட்டார் சைக்கிள் படையினர் மடக்குகிறார்கள். அதிவேகம், சீட் பெல்ட் போடவில்லை என்பது புகார்.

போலீஸ்காரர்கள் உடம்பில் மாட்டியிருந்த உடல் கேமராவின் பதிவுகளை மறுநாளே வெளியிட்டார்கள். அதில் நடப்பது இது. போலீஸ்காரர் கார் ஜன்னல் கண்ணாடியைத் தட்டுகிறார். ஹில் இறக்குகிறார், உரிமத்தைக் கொடுக்கிறார். "கண்ணாடியை அப்படித் தட்டாதே" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். "சீட்டைக் கொடு, எனக்கு நேரமாகிறது, உன் வேலையைப் பார்" என்கிறார். கண்ணாடியை ஏற்றிவிடுகிறார். கறுப்புக் கண்ணாடி. மறுபடி தட்டல். இறக்கி வை என்கிறார் போலீஸ்காரர். கொஞ்சம் இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது. இறக்காவிட்டால் வெளியே வரவேண்டியிருக்கும் என்று ஆரம்பித்தவர் அதே மூச்சில் "சரி, வெளியே வா" என்று முடிக்கிறார். இன்னொருவர் உள்ளே புகுந்து கதவைத் திறக்கிறார். கையையும் தலையின் பின்பக்கத்தையும் பிடித்து இழுக்கிறார்கள். "வருகிறேன், வருகிறேன்" என்று ஹில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முகம் தரையில். விலங்கு. ஒருவருடைய முழங்கால் முதுகில்.

என் கேள்வி ஒன்றுதான். யார் பக்கம் தப்பு என்பதல்ல, அது ஆளுக்கு ஆள் மாறும். எந்த நொடியில் இது சீட்டு எழுதுகிற வேலையாக இல்லாமல் போனது?


கட்டைமீசை

கண்ணாடி ஏறிய நொடியில். இதற்கு ஒரு இழை வேறு தேவையா?

கறுப்புக் கண்ணாடி என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். வெளியே நிற்கிறவனுக்கு உள்ளே கை எங்கே இருக்கிறது, என்ன எடுக்கிறது என்று தெரியாது. ஆளுக்கு ஆள் துப்பாக்கி வைத்திருக்கிற நாடு அது. போலீஸ் சங்கத் தலைவர் சொன்னதும் இதையேதான், ஹில் ஒத்துழைக்கவில்லை என்று. பெரிய ஆட்டக்காரன் என்றால் தனிச் சட்டமா? இறக்கு என்றால் இறக்கிவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு, போய் ஆட வேண்டியதுதானே.


அரைமைல்

கட்டைமீசை அண்ணே சொல்வதில் பாதி சரி. நான் அந்த நாட்டில் பதினோரு வருடமாக வண்டி ஓட்டுகிறேன். ஒரு தடவை ராத்திரி நெடுஞ்சாலையில் நிறுத்தினார்கள், பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று. இரண்டு கையையும் ஸ்டியரிங் மேலே வைத்துவிட்டேன். உள்விளக்கைப் போட்டேன். உரிமம் கேட்டார். "பர்ஸ் பின் பாக்கெட்டில் இருக்கிறது, எடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை அசைத்தேன். அவர் கை இடுப்பில் இருந்தது. நான் பர்ஸை எடுத்து முடிக்கிற வரை அது அங்கேயே இருந்தது. எச்சரிக்கைச் சீட்டோடு விட்டுவிட்டார், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் வீட்டுக்கு வந்து சாவியை மேஜையில் வைத்தபோதுதான் விரல் நடுங்குவது தெரிந்தது.

ஹில்லும் ஆட்டம் முடிந்து இதையேதான் சொன்னார். போலீஸ் நிறுத்தினால் கையை ஸ்டியரிங் மேலே வைத்துக்கொண்டு சொல்வதைக் கேள் என்று அவருடைய மாமா சொல்லி வளர்த்தாராம். அது தெரிந்தவர்தான் கண்ணாடியை ஏற்றினார். கோபமா, ஆட்டத்துக்கு நேரமாகிற பதற்றமா, எனக்குப் புரியவில்லை. சும்மா நிறுத்தப்பட்ட எனக்கே அப்படி நடுங்கியது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.


சட்டம்பேசி

இரண்டு வழக்குகளை எடுத்து வைக்கிறேன். இவை இல்லாமல் பேசினால் கடைசி வரை வட்டமடித்துக்கொண்டே இருப்போம்.

முதலாவது, 1977-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த பென்சில்வேனியா எதிர் மிம்ஸ். போக்குவரத்து விதிமீறலுக்காக முறைப்படி நிறுத்திய வண்டியின் ஓட்டுநரைக் கீழே இறங்கச் சொல்ல போலீசுக்கு அதிகாரம் உண்டு. தனியாக வேறு சந்தேகம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஆக "வெளியே வா" என்ற உத்தரவு செல்லும். கட்டைமீசைக்கு ஒரு மதிப்பெண்.

இரண்டாவது, 1989-இல் வந்த கிரஹாம் எதிர் கானர். போலீஸ் பலத்தைப் பயன்படுத்தினால் அது நியாயமான அளவா என்பதை அந்த இடத்தில் நின்ற ஒரு நியாயமான போலீஸ்காரரின் கண்ணால் பார்க்க வேண்டும். பின்னால் உட்கார்ந்து பார்க்கிறவர்களின் கண்ணால் அல்ல. பார்க்கும்போது மூன்றைக் கவனிக்கச் சொன்னார்கள்: குற்றம் எவ்வளவு பெரியது, அவரால் உடனடி ஆபத்து இருந்ததா, எதிர்த்தாரா அல்லது ஓடினாரா.

அந்த கிரஹாம் யார் என்று தெரிந்துகொள்வது நல்லது. சர்க்கரை நோயாளி. 1984-இல் உடம்பில் சர்க்கரை இறங்குவது தெரிந்து, ஆரஞ்சுச் சாறு வாங்க நண்பரின் காரில் ஒரு கடைக்குப் போகிறார். வரிசை நீளம். அவசரமாக வெளியே வந்துவிடுகிறார். உள்ளே போன வேகத்தில் திரும்பினாரே என்று ஒரு போலீஸ்காரருக்குச் சந்தேகம். காரை நிறுத்தி, விலங்கு மாட்டி, அந்தத் தள்ளுமுள்ளில் கால் எலும்பு உடைகிறது. நண்பர் ஒருவர் சாறு கொண்டுவந்தார். அதைக் குடிக்கவும் விடவில்லை. கடையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று தெரிந்ததும் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.


கட்டைமீசை

உத்தரவு செல்லும் என்று வக்கீலே சொல்லிவிட்டார். இழையைப் பூட்டலாமா?


சட்டம்பேசி

வக்கீல் இல்லை சார், படிக்கிற பழக்கம் மட்டும். பூட்டவும் வேண்டாம். உத்தரவு செல்லுமா என்பது ஒரு கேள்வி. அதை நிறைவேற்றியது எப்படி என்பது வேறு கேள்வி. மிம்ஸ் முதலாவதற்குப் பதில். கிரஹாமின் மூன்று அளவுகோலையும் இந்தக் காருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குற்றம்: சீட் பெல்ட், கவனமின்றி ஓட்டியது. ஓட்டம்: இல்லை, உரிமத்தைக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர். எதிர்ப்பு: கண்ணாடியும் வாயும். ஆபத்து: இதில்தான் உங்கள் கறுப்புக் கண்ணாடி வாதம் நிற்கிறது, அதை நான் தள்ளவில்லை. ஆனால் கதவு திறந்து ஆள் முழுசாகக் கண்ணுக்குத் தெரிந்த பிறகு அந்த வாதம் எங்கே போகும்?


பின்வரிசை

எல்லோரும் காரிலேயே நிற்கிறீர்கள். நடைபாதைக்கு வாருங்கள். எனக்கு அதுதான் உறுத்தியது.

விலங்கு மாட்டியாயிற்று. நிற்க வைத்து அழைத்துப்போகிறார்கள். உட்கார் என்கிறார் ஒருவர். முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது என்கிறார் ஹில். அவர் மெதுவாக இறங்கக்கூட நேரம் கொடுக்காமல் இன்னொருவர் பின்னால் வந்து, மேல் மார்பில் கழுத்தையொட்டிக் கையைப் போட்டுக் கீழே இழுக்கிறார். கண்ணாடியை இறக்கச் சொன்னபோது காதிலும் அறுவைச் சிகிச்சை நடந்திருந்ததா என்று ஒரு நக்கல் வேறு. கை இரண்டும் பின்னால் கட்டியிருக்கிற ஆளால் யாருக்கு என்ன ஆபத்து? வேலை முடிந்த பிறகு செய்த வேலை அது.

அப்புறம் காலேஸ் கேம்பல். ஹில்லின் அணித்தோழர். அந்த வழியாகப் போனவர் பார்த்துவிட்டு நிறுத்தி உதவப் பார்க்கிறார். அவருக்கும் விலங்கு. சமூக சேவைக்காக அமெரிக்கக் கால்பந்து லீக் ஆண்டுதோறும் கொடுக்கிற பெரிய விருதை 2019 சீசனுக்கு வாங்கியவர் அவர். ஊருக்கு நல்லவர் என்று பட்டயம் வாங்கிய ஆறடி எட்டங்குல மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடைபாதையில் நிற்கிறார். இன்னொரு வீரர் ஜானு ஸ்மித்தும் வண்டியை நிறுத்தினார், அவருக்கு ஒரு சீட்டு.


குழிப்பந்து

அதே வருடம் மே மாதம் நடந்ததை யாருமே எடுக்கவில்லையே. ஸ்காட்டி ஷெஃப்லர். கோல்ஃபில் உலகின் முதலிடம், ஒரு மாதம் முன்புதான் மாஸ்டர்ஸ் என்ற பெரிய கோல்ஃப் போட்டியை வென்றவர். 2024 மே 17, லூயிவில் நகரம், பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் இரண்டாம் நாள். விடியாத இருட்டு, மழை. மைதானத்துக்கு வெளியே ஒரு பேருந்து மோதி, வேலைக்கு வந்த ஒருவர் இறந்துவிட்டார். அதனால் போக்குவரத்தைத் தடுத்திருந்தார்கள். ஷெஃப்லர் உள்ளே போகப் பார்த்தார். ஒரு துப்பறிவாளர் நிறுத்தினார். கார் தன்னை இழுத்துக்கொண்டு போய்க் கீழே தள்ளியதாக அவர் அறிக்கை எழுதினார். போலீஸ் அதிகாரியைத் தாக்கியதாகக் கடுங்குற்ற வழக்கு. சுமார் 80 டாலர் கால்சட்டை கிழிந்ததும் அந்த அறிக்கையில் உண்டு. கிண்டல் இல்லை, உண்மையிலேயே எழுதியிருந்தார்கள்.

ஆரஞ்சு உடையில் சிறைப் படம் எடுத்தார்கள். மனிதர் சிறை அறையிலேயே உடம்பை நீட்டி மடக்கி ஆட்டத்துக்குத் தயாராகியிருக்கிறார். வெளியே வந்து, அன்றைக்கே 66 அடித்தார் (கோல்ஃபில் அடி குறைந்தால்தான் நல்லது, இது நல்ல ஆட்டம்).

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த அதிகாரி உடல் கேமராவை இயக்கவே இல்லை. பிறகு வெளியான கம்பத்துக் கேமரா, ரோந்து வண்டிக் கேமரா இரண்டிலும் கார் அவரை இழுத்துப்போன காட்சி தெரியவில்லை. மே 29 அன்று எல்லாக் குற்றச்சாட்டையும் கைவிட்டார்கள். கேமராவை இயக்காததற்கு அதிகாரி மீது துறை நடவடிக்கை எடுத்தது. மயாமியில் படம் இருந்தது, அதனால் நாம் சண்டை போடுகிறோம். லூயிவில்லில் படம் இல்லை. ஷெஃப்லர் உலகின் முதலிடத்தில் இல்லாத, சாதாரண டெலிவரி வண்டி ஓட்டுகிறவராக இருந்திருந்தால் பன்னிரண்டு நாளில் அந்தக் காகிதம் கிழிந்திருக்குமா?


கட்டைமீசை

பார்த்தீர்களா, ஹில் கறுப்பர், ஷெஃப்லர் வெள்ளைக்காரர். அவரையும்தான் பிடித்து உள்ளே போட்டார்கள். எல்லாவற்றையும் நிறத்தில் கொண்டுபோய் முடிக்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?


பின்வரிசை

அவர் முகம் தரையில் படவில்லை என்று சொல்வோம்.


அரைமைல்

அந்தப் பேருந்து மோதி இறந்தவரைப் பற்றிக் குழிப்பந்து ஒரு வரி எழுதினார், நன்றி. அந்த வாரம் நான் படித்த செய்திகளில் முக்கால்வாசி ஷெஃப்லரின் ஆரஞ்சு உடையும் அவருடைய ஸ்கோரும்தான்.


ஓடுகளம்

தடகள ரசிகன் என்ற முறையில் லண்டன் கதையையும் சேர்க்கிறேன். கேமரா இருந்தால் தீர்ந்தது என்று குழிப்பந்து நினைப்பதுபோல் தெரிகிறது. அப்படி இல்லை.

2020 ஜூலை 4. பிரிட்டனின் ஓட்ட வீராங்கனை பியான்கா வில்லியம்ஸ், அவருடைய துணைவர் ரிக்கார்டோ டோஸ் சாண்டோஸ், அவர் போர்ச்சுகலுக்கு 400 மீட்டர் ஓடியவர். மைதா வேல் பகுதியில் அவர்கள் வீட்டு வாசலிலேயே காரை மடக்கினார்கள். இருவருக்கும் விலங்கு. பின்சீட்டில் மூன்று மாதக் குழந்தை. தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்களுடைய பயிற்சியாளர் லின்ஃபோர்ட் கிறிஸ்டி, 1992 ஒலிம்பிக் 100 மீட்டர் தங்கக்காரர், அவர் பகிர்ந்த வீடியோவால்தான் விஷயம் வெளியே வந்தது.

2023 அக்டோபரில் இரண்டு போலீஸ்காரர்களைப் பணிநீக்கம் செய்தார்கள். கஞ்சா வாசனை வந்தது என்று அவர்கள் சொன்னது பொய் என்று ஒழுங்கு விசாரணைக் குழு முடிவெடுத்தது. ஒரு வருடம் கழித்து, 2024-இல், மேல்முறையீட்டில் அவர்கள் ஜெயித்துத் திரும்ப வேலையில் சேர உத்தரவு வாங்கினார்கள். வாசனையைக் கேமரா பிடிக்காதே! பிடித்ததெல்லாம் வில்லியம்ஸின் அழுகை. குழந்தை காரில் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்.


விசில்

ஹில்லின் பழைய கதை யாருக்கும் ஞாபகம் இல்லையா? அவர் பெயரில் இருக்கிற வழக்குகளைப் பார்த்தால் அனுதாபமே வராது. இவருக்கு இந்த அளவு போதாது.


நெறியாளர்

விசில், கடைசி வரி இந்தக் குழுவின் விதிக்குப் புறம்பு. எச்சரிக்கை ஒன்று. பழைய வழக்குகளைப் பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள்.


மூன்றாம் நடுவர்

விசிலுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு நகர்கிறேன். அவருடைய பழைய கதை எனக்கும் தெரியும். அதில் சில எனக்கு அறவே பிடிக்காது. ஆனால் அன்று அந்தப் போலீஸ்காரர் கையில் இருந்தது ஓட்டுநர் உரிமம், வழக்குக் கட்டு அல்ல. தரையில் போட்டதும் சொன்னது என்ன? நாங்கள் ஒன்றைச் சொன்னால் நீ செய்ய வேண்டும், உன் இஷ்டத்துக்கு இல்லை, நாங்கள் சொல்வதைத்தான். இடையில் ஒரு கெட்ட வார்த்தையும் உண்டு. இதில் எங்கே பாதுகாப்பு? இது வாத்தியார் பிரம்பு. ஆபத்துக்குப் பயந்து ஆளைக் கீழே போட்டவர் முதலில் கையைத் தேடுவார், உடம்பைச் சோதிப்பார். பாடம் நடத்த மாட்டார். என்னைப் பொறுத்தவரை அந்தப் பேச்சுதான் சாட்சி.

இன்னொன்று. வேகம் எப்படி அளந்தார்கள் தெரியுமா? சீட்டில் எழுதியிருந்தது கண்ணால் பார்த்து மதிப்பிட்ட சுமார் 60 மைல். ரேடார் கணக்கு இல்லை.


சட்டம்பேசி

அதனால்தான் சீட்டில் அதிவேகம் என்று இல்லாமல் கவனமின்றி ஓட்டியது என்று போட்டார்கள் என்பது என் ஊகம். ஊகம் மட்டும்தான்.

அப்புறம் தண்டனை பற்றி. ஜேம்ஸ் பிளேக் ஞாபகம் இருக்கிறதா? டென்னிஸில் ஒருகாலத்தில் உலகின் நான்காம் இடம். 2015 செப்டம்பர் 9, யுஎஸ் ஓபனுக்குப் போகக் கிளம்பி நியூயார்க்கில் ஓட்டல் வாசலில் நிற்கிறார். சாதாரண உடையில் ஒருவர் ஓடிவந்து அப்படியே தூக்கித் தரையில் அடிக்கிறார். போலீஸ் என்று கூடச் சொல்லவில்லை. கடன் அட்டை மோசடி வழக்கில் ஆள் மாறாட்டம். ஓட்டல் கேமராவில் எல்லாம் பதிவு. நகர மேயரும் போலீஸ் ஆணையரும் மன்னிப்புக் கேட்டார்கள். போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் குடிமக்கள் புகார் வாரியம் பலம் மிஞ்சியது என்று சொன்னது. பிளேக் கண்ணாடியை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. பேருக்கு ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை. 2018-இல் அந்த அதிகாரிக்குக் கிடைத்த தண்டனை, ஐந்து நாள் விடுப்பு வெட்டு.


பின்வரிசை

ஐந்து நாள்!! எங்கள் அலுவலகத்தில் வருகைப் பதிவு மறந்தாலே இரண்டு நாள் போகும்.

பிளேக் விஷயம் நடந்த அதே 2015 ஏப்ரலில் கூடைப்பந்து வீரர் தாபோ செஃபலோஷா. நியூயார்க்கில் ஒரு இரவு விடுதிக்கு வெளியே போலீஸ் கைது செய்ததில் கால் உடைந்தது. சீசன் கடைசியில் வருகிற பிளேஆஃப் ஆட்டங்கள் போயின. ஒரு நாள் சமூக சேவை செய்தால் வழக்கை விட்டுவிடுகிறோம் என்றார்கள். முடியாது என்று விசாரணைக்கு நின்று விடுதலையானார். 2017-இல் நகரம் 40 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. அந்தப் பணம் வரி கட்டுகிறவர்களுடையது, அடித்தவர் பாக்கெட்டிலிருந்து அல்ல என்பதைக் கட்டைமீசை கவனிக்கவும்.


கட்டைமீசை

எல்லோரும் சேர்ந்து என்னைப் போலீஸ் சங்கத் தலைவராகவே ஆக்கிவிட்டீர்கள். என் சித்தப்பா காவல்துறையில் முப்பது வருடம் இருந்தார், அதனால் அந்தப் பக்கம் சாய்வது உண்மை. காரை நிறுத்தி ஜன்னல் பக்கம் நடக்கிற அந்தப் பத்தடிதான் வேலையிலேயே மோசமான பத்தடி என்பார் அவர். உள்ளே யார் என்று தெரியாது. மெக்லாரனில் இருப்பவன் பந்து பிடிக்கிறவன் என்று யாருக்கு எழுதி ஒட்டியிருக்கிறது?

ஒன்று கேட்கிறேன். ஹில் அன்று மதியமே ஆடினார். 80 கஜம் ஓடி, எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கிற டச்டவுன் போட்டு, கையைப் பின்னால் கட்டி விலங்கு மாட்டியது போல் நடித்துக் காட்டினார். கூட அணித்தோழர் வாடிலும் சேர்ந்துகொண்டார். அவ்வளவு பயந்தவர் இதைச் செய்வாரா?


ஓடுகளம்

செய்வார். அரங்கத்தில் அவரைச் சுற்றி அத்தனை ஆயிரம் பேர் இருந்தார்கள். சாலையில் அவரைச் சுற்றி இருந்தது போலீஸ்காரர்கள் மட்டும்.

ஆட்டம் முடிந்து அவர் கேட்டதைப் படித்தீர்களா? நான் டைரீக் ஹில்லாக இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. அதே வாயால், போலீஸ் ஆக வேண்டும் என்பது தன் ஆசைகளில் ஒன்று என்றும் சொன்னார். நடிப்பதற்கு ஒரு ஆள் இவ்வளவு குழம்பிப் பேச மாட்டார்.


மூன்றாம் நடுவர்

கட்டைமீசை அண்ணே, ஒரு சின்ன வேண்டுகோள். அந்தப் பதிவை ஒரு தடவை சத்தத்தை முழுசாக அணைத்துவிட்டுப் பாருங்கள். ஹில்லின் திமிர்ப் பேச்சும் கேட்காது, அவர்கள் கத்துவதும் கேட்காது. கைகளை மட்டும் பாருங்கள். யாருடைய கை எங்கே போகிறது என்று. நான் நடுவராக இருக்கும்போது சர்ச்சையான காட்சிகளை இப்படித்தான் பார்ப்பேன்.


விசில்

எச்சரிக்கை கொடுத்ததற்கு நன்றி நெறியாளரே. அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அனுதாபம் வராது என்பது நிற்கிறது.


கட்டைமீசை

பார்த்தேன். மூன்று தடவை.

ஹில்லின் கை இரண்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒரு கையில் போன். கதவு திறந்ததும் அவருடைய கால் வெளியே வருவதற்கு முன்பே பிடி விழுந்துவிடுகிறது. அந்த அவசரம் எதற்கு என்று எனக்கும் விளங்கவில்லை. சித்தப்பாவிடம் காட்டினேன். நடைபாதையில் இழுத்து உட்கார வைக்கிற இடம் வந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எதுவும் சொல்லவில்லை, "இது தேவையில்லை" என்பதைத் தவிர.

கண்ணாடியை ஏற்றியது தப்பு. அதில் நான் மாறவில்லை.


மூன்றாம் நடுவர்

அதை ஹில்லே ஒப்புக்கொண்டுவிட்டார் அண்ணே, நான் கண்ணாடியை இறக்கியிருக்கலாம் என்று. அந்த வரிசையில் அவர்தான் முதலில் நிற்கிறார், நீங்கள் பின்னால் போய் நில்லுங்கள். இரண்டாவது வரிசை ஒன்று இருக்கிறது, அதில் இன்னும் யாரும் வந்து நிற்கவில்லை. நீதிமன்றத்துக்கும் வரவில்லை.


குழிப்பந்து

சித்தப்பாவை இந்தக் குழுவில் சேர்த்துவிடுங்கள். அவர் இரண்டு சொல்லில் முடித்ததை நாங்கள் இத்தனை பதிவாக இழுத்திருக்கிறோம்.